முகத்துவாரம் மூடிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள்

பொக்லைன் ஓட்டுகிறவனுக்குப் புது மண்ணைத் தோண்டுவது பாதி வேலை, போன வருஷம் தோண்டியதையே மறுபடி தோண்டுவது மீதி வேலை. காலையில் துலக்கிய பாத்திரம் மத்தியானம் மறுபடி தொட்டியில் கிடப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், பெருக்கி நிமிர்வதற்குள் வாசலில் சருகு விழுவதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் எதிரி சருகு. என் எதிரி வங்காள விரிகுடா.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் போகும் வழியில், ரோட்டுக்குக் கிழக்கே ஒரு உப்பங்கழி இருக்கிறது. கழிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டில் ஒரு திறப்பு, அதுதான் முகத்துவாரம். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து அதை அடைத்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்ததும் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கழிக்கு வந்து சேரும். வெளியே போக வழி இல்லையென்றால் அது கரையோரக் குப்பத்துக்குள் புகும். அந்தக் குப்பத்தில்தான் என் மனைவியின் பிறந்த வீடு. என் மாமியார் பூங்காவனம் அங்கேயிருந்து புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு மீன் கூடை சுமக்கிறவர்.

தொண்ணூறுகளில், மழைக்கு முன்னால் முகத்துவாரத்தை வெட்டிவிடும் வேலை எங்கள் காண்ட்ராக்டர் ஏகாம்பரத்துக்கு வருஷா வருஷம் வந்தது. வண்டி அவருடையது, லீவர் பிடித்த கை என்னுடையது. ஆகவே வெள்ளம் வந்தால் அவருக்கு ஆபீஸில் திட்டு, எனக்கு மாமியார் வீட்டில் திட்டு.

காணாமல் போன பள்ளம்

முதல் வருஷம் எனக்கு ரத்தம் சூடு. மாமியார் ஊர்க்காரர்கள் எல்லோரும் கரையில் நின்று பார்க்கிறார்கள். சும்மா ஒரு வாய்க்கால் வெட்டினால் மரியாதையா? பெரிய லாரி இரண்டு பக்கம் பக்கமாகப் போகிற அகலத்துக்கு வெட்டினேன். கடல் இறங்குகிற நேரத்துக்கு வத்தம் என்று பெயர். அந்த நேரம் பார்த்துக் கடைசி வரப்பை உடைத்தேன். கழித் தண்ணீர் சலசலவென்று கடலுக்குப் போயிற்று. யாரோ விசில் அடித்தார்கள். நான் கேபினில் இருந்து கையசைத்ததைப் பார்த்திருந்தால், தேர்தலில் ஜெயித்தவன் என்று நினைத்திருப்பீர்கள்.

அகலமாக வெட்டினால் தண்ணீர் பரவி மெதுவாகிவிடும், மெதுவான தண்ணீர் மணலை இழுத்துப் போகாது என்பது எனக்கு அப்போது தெரியாது. குறுகலாக, ஆழமாக வெட்டியிருக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், நான் வெட்டிய இடத்தில் திட்டு பழையபடி முழுசாக இருந்தது. என் வண்டியின் செயின் தடத்தைக்கூட அலை அழித்துவிட்டிருந்தது. மாமியார் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். "இன்னா மாப்ள, நேத்து அம்மாம் பெரிய பள்ளம் தோண்டுனியே, அத்த எங்க வெச்ச? காணமே!" என்றார்.

நல்ல நேரம்

அடுத்த வருஷம் ஒரு பெரிய அதிகாரி வந்து முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. தினசரிக் காலண்டரைப் புரட்டி நாள் குறித்தார். அமாவாசை, காலையில் நல்ல நேரம். புதுக் கடை திறக்கவும் வண்டிக்குப் பூஜை போடவும் அருமையான நாள்தான். ஆனால் அமாவாசை அன்று காலையில் எங்கள் கடல் உச்சத்துக்கு ஏறி நிற்கும். மழையும் இன்னும் பிடிக்கவில்லை, கழியில் தண்ணீர் தாழ்ந்து கிடந்தது. "காலண்டரில் நல்ல நேரம் போட்டவர் கடலைக் கேட்கவில்லையே" என்று நான் சொன்னதற்கு ஏகாம்பரம், "வாய வெச்சிகினு சும்மா இரு, பக்கெட்டுக்கு மாலை போடு" என்றார். போட்டேன்.

ஷாமியானா, மைக் செட், சந்தனம், கற்கண்டு எல்லாம் இருந்தது. அதிகாரி தேங்காய் உடைத்துக் கையசைத்தார். நான் வரப்பை உடைத்தேன். தண்ணீர் வந்தது, ஆனால் கடலிலிருந்து உள்ளே வந்தது. வந்த வேகத்தில் மணலை அள்ளிக்கொண்டு வந்து வாய்க்காலை நிரப்பியது, பிறகு ஷாமியானாவுக்குள் போய் முன்வரிசை நாற்காலிகளின் காலைக் கழுவியது. அதிகாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. ஏகாம்பரத்தைப் பார்த்து, "தண்ணீ வெளியே போகும்னுதானே சொன்னீங்க? அது என்னைப் பார்க்க வருதே!" என்று மட்டும் கேட்டார்.

சாப்பாட்டு அறையில் கடற்கரை

மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்வோம். மாமல்லபுரம் பக்கம் ஒரு ஹோட்டல்காரர், சாப்பாட்டு அறையிலிருந்து கடல் தெரியவில்லை, குறுக்கே நிற்கிற மணல்மேட்டை எடுத்துவிடு என்றார். எத்தனை காலமாகக் காற்று சேர்த்த மேடோ தெரியாது, மேலே அடம்பங்கொடி படர்ந்து, நடுநடுவே தாழம்புதர் நின்றது. பொக்லைனுக்கு அது ஒரு வேலையே இல்லை. சீக்கிரமே கடல் பளிச்சென்று தெரிந்தது. ஹோட்டல்காரர் எனக்கு லெமன் சோடா வாங்கிக் கொடுத்தார்.

வாடைக் காற்று ஆரம்பித்ததும் ஆள் அனுப்பினார். போனேன். மேடு தடுத்து வைத்திருந்த மணல் இப்போது தடையில்லாமல் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. மேஜை விரிப்பு, ஃபேன் இறக்கை, தயிர்சாதம் எதுவும் பாக்கியில்லை. "மணலை வாரி அந்தக் கழியில் கொட்டிவிடு" என்றார். அது எங்கள் கழி. ஏற்கெனவே அதை அடைக்கக் கடல் ஒன்று போதாதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். எடுத்த இடத்திலேயே மேடாகப் போட்டு, அடம்பங்கொடியை வெட்டிக் கொண்டுவந்து நட்டுக் கொடுத்தேன். கொடி பிடித்து மேடு நிற்க சில வருஷமாகும் என்றபோது ஹோட்டல் மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அதுவரைக்கும் கவலையில்லண்ணே, எங்க கெஸ்ட் பீச்சுக்குப் போக வேண்டியதே இல்ல, பீச்சே சாப்பிட வந்துடுது" என்றார்.

அடைப்பு எங்கே

அந்த நாட்களில் கழிக்குள்ளேயே கரை போட்டு இறால் வளர்த்தார்கள். எனக்கு முன்னால் வந்த வண்டிகள் போட்ட கரை அது. கழியின் பரப்பில் பெரிய பாகம் கரைக்கு உள்ளே போய்விட்டது. ஒரு வாரம், காலையில் பண்ணைக் கரையை உயர்த்தும் வேலை, சாயங்காலம் முகத்துவாரத்தில் மணல் எடுக்கும் வேலை. காலையில் ஒருவருக்காகத் தண்ணீரை நிறுத்துகிறேன், சாயங்காலம் இன்னொருவருக்காகத் தண்ணீரை விடுகிறேன். இரண்டு பேரும் திருப்தியாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் தலை சுற்றியது.

அந்த வாரம் புதிதாக ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். திருநெல்வேலிக்காரர், கல்பாக்கத்தில் கணவருக்கு வேலை, குடும்பம் டவுன்ஷிப்பில். எங்களிடம் மாட்டிக்கொண்ட அதிகாரிகளில் முதல் முறையாகக் கரைமேல் நடந்து பார்த்தவர் அவர்தான். "ஏன் மேடம் வருஷா வருஷம் அடைச்சிக்குது?" என்று கேட்டேன். சாக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அழுக்கு போகுமா, ஒரு குடம் ஊற்றினால் போகுமா என்று திருப்பிக் கேட்டார். கடல் ஏறும்போது கழிக்குள் நிறையத் தண்ணீர் வந்தால், இறங்கும்போது அத்தனையும் ஒரே வாசல் வழியாகப் பாய்ந்து மணலைத் தள்ளிக்கொண்டு போகும். பண்ணைக் கரை வந்து கழி சுருங்கியதும், குடம் டம்ளராகிவிட்டது. எனக்கு உடனே புரிந்தது. இத்தனை வருஷம் யாரும் இப்படிச் சொல்லவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது. அவர் என் வண்டியைப் பார்த்து, நான் நின்ற கரையையும் பார்த்து, "நீங்க அங்கன கடல் பக்கமாவே தோண்டிக்கிட்டு இருக்கீங்க. அடைப்பு இங்கல்லா இருக்கு, அண்ணே" என்றார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

இறால் பண்ணை ஓரிரண்டு வருஷத்தில் நோய் வந்து படுத்துவிட்டது. பண்ணை மேனேஜர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். கரையை மட்டும் எடுத்துப்போகவில்லை. அந்த ஐப்பசியில் பெருமழை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டு, குப்பத்தில் இடுப்பளவு தண்ணீர். மாமியார் அடுப்பைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் வடிந்ததும் ஒரு கூட்டம் போட்டார்கள். வருஷா வருஷம் முழுகுகிற இடத்தில் எதற்குக் குடியிருக்கிறீர்கள், ரோட்டுக்கு மேற்கே, கல் குவாரியைத் தாண்டி இடம் தருகிறோம், எல்லோரும் அங்கே போய்விடுங்கள் என்றார் வந்திருந்த அதிகாரி. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முழுகாத இடம்தான். அங்கிருந்து கடல் தெரியாது, காற்றும் கேட்காது, அவ்வளவுதான். படகைக் கரையில் விட்டுவிட்டு அத்தனை தூரத்தில் படுத்துத் தூங்குகிற மீன்காரன் யாரும் இல்லை. குப்பம் அங்கே போனால் குப்பமாக இருக்காது. கடைசியில், வருகிற மழைக்கும் வீடுகளில் தண்ணீர் புகுந்தால் காலி செய்தே தீர வேண்டும், புகாவிட்டால் அப்போது பார்க்கலாம் என்று முடிவாயிற்று. எல்லோரும் எழுந்திருக்கும்போது என் மாமியார் மட்டும் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காட்டி, "அங்க குந்திகினு இங்க கீற கடல்ல வல போடணும்னா, கை எம்மாம் நீளம் வோணும்? நீயே அளந்து சொல்லு சார்" என்றார்.

வண்டி ரிப்பேர்

இன்ஜினியர் அம்மா அலையாத இடம் இல்லை. பண்ணைக் கரை நின்றது பொறம்போக்கில் என்பதை நிரூபித்து, அதை உடைத்து எடுக்க உத்தரவும் வாங்கிவிட்டார். வேலை ஏகாம்பரத்துக்கே வந்தது. ஆனால் வண்டி கிளம்பவில்லை. இன்றைக்கு ஹோஸ் போய்விட்டது, நாளைக்கு மெக்கானிக் வரவில்லை, அதற்கடுத்த நாள் டிரெய்லர் இல்லை. அந்த வண்டியின் இருமல் தும்மல் எல்லாம் எனக்குத் தெரியும். ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது. நேராகப் போய்க் கேட்டேன். அவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். கரையை உடைத்தால் முகத்துவாரம் அடைக்காது, அடைக்காவிட்டால் வருஷா வருஷம் வருகிற வேலை வராது. "நமக்கு சோறு போடுற அடைப்புடா அது" என்றார்.

அன்று முதல் முறையாக அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். லீவு சொல்லிவிட்டு நேராகக் குப்பத்துக்குப் போனேன். மாமியார் வீட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக் கரையில் ஏறினேன். பொக்லைனில் ஒரு வாரி வாரினால் வருகிற மண்ணுக்கு, மண்வெட்டியில் காலையெல்லாம் வெட்ட வேண்டும். வெட்டினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு என் மச்சான் வந்தான், பிறகு மார்க்கெட்டுக்குப் போகாமல் பெண்கள் கூடையோடு வந்தார்கள். மீன் கூடையில் மண் சுமந்தோம். நாங்கள் கொத்திக்கொண்டே இருந்த ஒரு நாள், ரோட்டில் இருந்து டிரெய்லர் இறங்கி வந்தது. ஏகாம்பரமே முன்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து, நாங்கள் வெட்டியிருந்த கோணல்மாணலான பள்ளத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, "என் ஆளு மண்வெட்டில கரை ஒடச்சான்னு ஊருல சொன்னா என் பேரு இன்னாத்துக்கு ஆவும்? ஏறுடா வண்டில!" என்றார்.

வாசல்

கரை போயிற்று. பண்ணைக் குட்டைகள் எல்லாம் மறுபடி கழியாகிவிட்டன. மழைக்கு முன்னால் முகத்துவாரத்தைக் குறுகலாக, ஆழமாக வெட்டினேன். மாலை இல்லை, மைக் இல்லை, காலண்டர் பார்க்கவில்லை. மழை ஆரம்பித்துக் கழி நிரம்பட்டும் என்று காத்திருந்து, கடல் இறங்கத் தொடங்கிய ஒரு பிற்பகலில், கடைசி வரப்பை மட்டும் குப்பத்துக்காரர்கள் கையால் உடைத்தார்கள். அது அவர்களுடைய பழைய வழக்கம், கடைசி வெட்டு இயந்திரத்துக்குக் கிடையாது; என் வண்டி வந்த பிறகு விட்டுப்போயிருந்தது. கற்பூரம் ஏற்றிவிட்டு மாமியார்தான் முதல் வெட்டு வெட்டினார். முழங்கை அகலத்துக்குப் போன தண்ணீர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்கமும் மணலை அறுத்துக்கொண்டு ஒரு ஆறாக மாறியது. நான் வெட்டியது கொஞ்சம், தண்ணீர் வெட்டிக்கொண்டதுதான் மிச்சமெல்லாம்.

ஆனால் கடல் சும்மா விட்டுவிடுமா? கார்த்திகையில் ஒரு புயல் சின்னம் வந்து நின்றது. அலை திட்டுமேல் ஏறி, வாசலில் மணலைக் கொட்டத் தொடங்கியது. நான் வண்டியைக் கரையிலேயே நிறுத்திக்கொண்டு தயாராக இருந்தேன். காலையில் பார்த்தால் வாசல் பாதியாகச் சுருங்கியிருக்கும். லீவரில் கை வைப்பேன். இன்ஜினியர் அம்மா குடையை மடக்கிப் பிடித்தபடி, வத்தம் வரை பொறுங்கள் என்பார். பொறுத்திருப்பது எனக்குத் தோண்டுவதைவிடக் கஷ்டம், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். கடல் இறங்கும், அகண்ட கழியில் நிறைந்த தண்ணீர் அத்தனையும் திமுதிமுவென்று ஒரே வழியாக வந்து, போட்ட மணலை வாரிக்கொண்டு போகும். மறுபடி கடல் கொட்டும், மறுபடி கழி வாரும். அந்த மழைக்காலம் முழுக்க அவை இரண்டும் மல்லுக்கு நின்றன. குப்பத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது ஒருவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் மாமியார் வீட்டு முதல் படி நனைந்தது. இரண்டாம் படி நனையவில்லை.

மழை விட்டதும், கூட்டத்தில் பேசிய அந்த அதிகாரி வந்தார். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஈரக் கோடு தேடிப் பார்த்தார், எங்கேயும் இல்லை. ரோட்டுக்கு மேற்கே போகச் சொன்னதை விட்டுவிடுவதாக அங்கேயே சொன்னார். என் மனைவி அழுதுவிட்டாள். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, மணலாக இருக்கலாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். கிளம்பும்போது அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை போலும், மாமியாரிடம் திரும்பி, "நிஜமாவே இந்த வருஷம் தண்ணீ வரலையாம்மா?" என்று கேட்டார். மாமியார் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "வராம இன்னா சார்? வந்துச்சி. வாசப்படியில நின்னு பாத்துச்சி. போவத்தான் வழி கீதே, நமக்கு இங்க இன்னா வேலன்னு போய்கினே கீது" என்றார்.

அதன் பிறகு அந்த முகத்துவாரத்துக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை, தன் பிழைப்பைத் தானே மண்வெட்டி எடுத்துப் போய் ஒழித்துவிட்டு, அதற்காக மாமியார் வீட்டில் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்ட ஒரே பொக்லைன் டிரைவர் இந்தக் கடற்கரையில் நானாகத்தான் இருப்பேன்.